ஒண்டொண்டா அண்ணன்

பக்கத்து வீட்டு அண்ணன் சோறு தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு தண்டனை. சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் நாலு கறியும் இருக்கும். அவர் முதலில் பருப்பை மட்டும் தொட்டுத் தின்பார். தின்றுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். எதற்கு என்று கேட்டால், வயிறு என்ன சொல்கிறது என்று பார்க்கிறாராம். பிறகு மீன். பிறகும் ஓர் இருப்பு. பிறகு கீரை. அவர் தேங்காய்ப்பால் சொதிக்கு வந்து சேரும்போது, கூட இருந்து தின்ற நாங்கள் கை கழுவி, வெற்றிலை போட்டு, அதையும் துப்பியிருப்போம்.

"எல்லாத்தையும் குழைச்சுத் திண்டாத்தானே அண்ணன் ருசி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"குழைச்சுத் திண்டிட்டு நாளைக்கு வயிறு கெட்டா, எந்தக் கறியால கெட்டதெண்டு எப்பிடிகா தெரியும்?" என்றார்.

நான் எழும்பிக் கை கழுவப் போய்விட்டேன்.

நாவற்குடாவில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய வளவு. முந்தி ஒரு நெல் ஆலையில் இயந்திரம் பார்த்தவர். சண்டை வந்து ஆலையைப் பூட்டிய பிறகு வீட்டோடு இருந்தார். ஊரில் அவருக்குப் பெயர் ஒண்டொண்டா அண்ணன். எதைச் செய்தாலும் ஒன்றைச் செய்து, அது என்ன ஆயிற்று என்று பார்த்த பிறகுதான் அடுத்ததில் கை வைப்பார். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒருமுறை காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்று வகைக் குளிசை கொடுத்தார்கள். மனுசன் வெள்ளைக் குளிசையை மட்டும் இரண்டு நாள் போட்டார். காய்ச்சல் நின்றபாடில்லை. அதை நிறுத்திவிட்டு மஞ்சளை எடுத்தார். அதிலும் ஒன்றும் இல்லை. சிவப்புக்கு வருவதற்குள் காய்ச்சல் தானாக விட்டுவிட்டது. அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்கா வேலியடியில் நின்று என் அம்மாவிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள், "சிவப்புக் குளிசைய அப்பிடியே போத்தில்ல போட்டு வைச்சிருக்காரு மாமி. அது இன்னும் சோதிச்சுப் பாக்காத குளிசையாம். அடுத்த காய்ச்சல் வரட்டாம்!"

நான் அவருக்கு நேர்மாறு. எனக்குக் கையும் சும்மா இராது, வாயும் சும்மா இராது. அந்த நாளில் நான் வாடகைக் கார் வைத்து ஹயர் ஓடிக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது எனக்கு மூத்த ஒரு சாம்பல் நிற இங்கிலாந்துக் கார். அது சுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஓடியது. ஓடுகிற காரைச் சும்மா விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. தங்கச்சிக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. மாப்பிள்ளை கிரானில். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். கிரானில் இருந்து ஏறாவூர் கடந்து, டவுன் கடந்து, பாலம் கடந்து, இராணுவம் மறித்துச் சோதிக்கிற இத்தனை சென்றிகளையும் கடந்து அவரைக் கூட்டிவர வேறு எவனும் கார் தருவதாக இல்லை. எல்லாருக்கும் பயம். "என்ர கார் இருக்கு" என்று சபையில் வைத்து மாமன்மாருக்கு முன்னால் நெஞ்சில் தட்டிச் சொன்னவன் நான்தான்.

சொன்ன பிறகு கார் பளபளவென்று ஓட வேண்டும் என்று ஆசை வந்தது. காபரேட்டரைக் கழற்றினேன். எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற சாமான் அது. கொழும்பில் இருந்து எடுப்பித்த புதுச் சாமான்களைப் போட்டு, துளைகளையெல்லாம் ஊதி, மினுக்கி, திரும்பப் பூட்டினேன். அன்றிலிருந்து சனியன் பிடித்தது. நிறுத்தி வைத்தால் குளிர்காய்ச்சல்காரன்போல நடுங்கியது. ஓடும்போது அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் வெடித்தது. சின்ன வெடி இல்லை. ஒரு 'டமார்'.

சமாதான காலத்தில் கார் வெடித்தால் நாய் குரைக்கும், அவ்வளவுதான். எங்களுக்கு அது முதன்முதல் வெடித்தது பாலத்தடிச் சென்றியில். நான் காலை எடுத்தேன், அது 'டமார்' என்றது, மணல் மூட்டைக்குப் பின்னால் நின்ற ஆமிக்காரர் அத்தனை பேரும் விழுந்து படுத்தார்கள். எனக்கு முன்னால் போன மீன்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு வடிகானுக்குள் பாய்ந்தார். நான் காருக்குள் இருந்தபடியே இரண்டு கையையும் தூக்கினேன். கை கூரையில் அடிபட்டது. இறக்கி, முழங்காலில் நிறுத்தி, சீற்றைக் கழற்றி, பொனட்டைத் திறந்து எல்லாம் பார்த்தார்கள். கடைசியில் மீசை வைத்த கோப்ரல் ஒருவன் கார் நம்பரை எழுதிக்கொண்டு, தெரிந்த தமிழில் சொன்னான்:

"இன்னொரு தரம் சத்தம் வந்தா நாங்க கேக்கிறதில்ல. சுடுறது. வெளங்குது?"

"வெளங்குது ஐயா" என்றேன். விளங்காமல் என்ன? கலியாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதே பாலம், அதே சென்றி, காருக்குள் மாப்பிள்ளை.

தங்கச்சிதான் முதலில் வாய் திறந்தாள். "மாப்பிள்ளை உயிரோட வந்தாப் போதும் அண்ணா. மாட்டு வண்டியிலயெண்டாலும் ஏத்தி விடுங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரமே அண்ணன் வேலியைத் தாண்டி வந்தார். கூப்பிடவில்லை, தானாக வந்தார். கையில் ஆலையின் பழைய பதிவுக் கொப்பி ஒன்று, தடித்த மட்டை போட்டது. காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"கடைசியா எதில கை வைச்ச?"

"காபரேட்டரில."

"வேற?"

"வேற ஒண்டும் இல்ல."

"சரி. இனி நீ ஒண்டிலயும் கை வைக்கப்படாது. நான் சொல்லுற வரைக்கும் இந்தக் கார் உன்ர கார் இல்ல. விளங்கிச்சா மனே?"

முதல் நாள் அவர் செய்தது, கேட்டது மட்டும். எஞ்சினை ஓடவிட்டு, உரலைக் கவிழ்த்துப் போட்டு அதில் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் கேட்டார். கொப்பியில் 'கேட்டது' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். இரண்டாம் நாள் தீப்பொறி போடுகிற பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். வெளிறிப் போயிருந்தன.

"ஒண்டு பெற்றோல் குறைவு, இல்லாட்டிக் காத்துக் கூடுதல்" என்றார்.

"அப்ப ரெண்டையும் பாப்பம்!" என்று நான் குதித்தேன்.

"நாளைக்கு ஒண்டு. நாளையிண்டைக்கு ஒண்டு."

மூன்றாம் நாள் காபரேட்டருக்குள் இருக்கிற மிதவையின் உயரத்தைக் கொஞ்சம் மாற்றினார். மாற்றம் இல்லை என்றதும் அதைத் திரும்பப் பழைய அளவுக்கே, நகம் அளவு பிசகாமல், கொண்டுவந்து வைத்தார். எனக்கு அதுதான் பொறுக்க முடியாது. மாற்றியதை மாற்றினபடி விட்டால் என்ன? விட மாட்டார். பலன் தராததைப் பழையபடி வைக்காமல் அடுத்ததைத் தொட்டால், பிறகு எது எதைச் செய்தது என்று தெரியாதாம். நாலாம் நாள், பெற்றோலை எஞ்சினுக்கு இழுத்துக் கொடுக்கிற பம்ப். ஐந்தாம் நாள் அதற்கு வருகிற குழாய். ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒரே ஒரு தரம் வெடிக்கிறதா என்று பார்ப்போம். அதற்கு முன்னர் அண்ணன் ஒழுங்கை முழுக்க வீடு வீடாகப் போய், "இப்ப ஒரு சத்தம் வரும். அது எங்கட சத்தம். ஒருத்தரும் ஓடாதீங்க" என்று சொல்லிவிட்டு வருவார். ஒழுங்கை காதைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும். டமார். "முடிஞ்சுதா அண்ணன்?" என்று ஒழுங்கையின் அந்தத் தொங்கலில், கடைசி வீட்டில் இருந்து யாராவது கேட்பார்கள். "இண்டைக்கு முடிஞ்சுது" என்பார் இவர்.

ஆறாம் நாள் அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார். அக்கா அன்றைக்கு ஐந்து கறி வைத்திருந்தாள் என்று கேள்விப்பட்டேன். ஐந்து கறி என்றால் ஒன்றரை மணித்தியாலம். நான் காருக்குப் பக்கத்தில் நின்றேன். என் கையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன். தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று தீர்மானிக்கிற டிஸ்ரிபியூட்டரை இளக்கி, ஒரு பொட்டளவு திருப்பிவிட்டு, இறுக்கிவிட்டேன். அவர் கை துடைத்துக்கொண்டு வந்தபோது நல்ல பிள்ளையாய் நின்றேன்.

அன்றைய முறைப்படி அவர் காபரேட்டரில் கலவைத் திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பினார். ஸ்டார்ட் பண்ணினோம். நடுக்கம் பாதியாகக் குறைந்திருந்தது! வெடி மட்டும் அப்படியே. அண்ணனின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். கொப்பியில் இரண்டு வரி எழுதினார். எனக்குள் ஒரு நரிச் சிரிப்பு. அவருடைய திருகாணியா, என்னுடைய திருப்பலா என்று எனக்குத்தானே தெரியும்.

அந்தச் சிரிப்பு மறுநாள் காலை வரைதான். காலையில் வந்து அவர் கலவைத் திருகாணியைப் பழையபடி வைத்தார். "என்னண்ணன், நல்லா வந்ததை ஏன் கெடுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"திருப்பினத எடுத்தா வருத்தம், அந்த நடுக்கம், திரும்ப வரோணும். வந்தாத்தான் இதுதான் எண்டு நிச்சயம்."

எஞ்சினை ஓடவிட்டார். வருத்தம் திரும்பவில்லை. நடுக்கம் அதே பாதியில் நின்றது. திருகாணியை அந்தப் பக்கம் திருப்பினார், இந்தப் பக்கம் திருப்பினார். எந்த மாற்றமும் இல்லை. கொப்பியைப் பார்த்தார். உரலில் குந்தினார். மத்தியானம் அக்கா கூப்பிட்டும் சாப்பிடப் போகவில்லை. அடுத்த நாளும் வந்து குந்தினார், ஒன்றையும் தொடவில்லை. தான் எழுதிய வரிகளையே திரும்பத் திரும்ப விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் வரவேயில்லை. அக்காதான் வந்தாள்.

"தம்பி, அவருக்கு என்னமோ ஆயிட்டு. ராவெல்லாம் முழிச்சிருக்காரு. ஒண்டொண்டாப் பாக்கிறதே பிழையெண்டா நான் இவ்வளவு காலமும் என்ன செய்துகிட்டு இருந்தன் எண்டு என்னட்டக் கேக்காரு. நான் என்னத்தச் சொல்ல?"

நான் கார்ப் பொனட்டை இறக்கி மூடினேன்.

"இந்தப் புத்தி அவருக்கு எப்ப வந்த தெரியுமா? முதல் தரம் ஷெல் அடிக்க, வாவியால அங்கால ஓடின நாம எல்லாரும். அவரு ஒரு தோணி, நான் ஒரு தோணி. கதவப் பூட்டு, ஆட்ட அவிழ், அரிசிய எடு எண்டு எல்லாம் ஒரே நேரத்தில. அக்கரையில போய் இறங்கிப் பாத்தா அவர்ர அம்மா இல்ல. அவரு என்ர தோணியில எண்டு நினைச்சிருக்காரு, நான் அவர்ர தோணியில எண்டு நினைச்சிருக்கன். மறுகா அவரு தனியத் தோணி வலிச்சுத் திரும்பி வந்தா, கிழவி உள்ளுக்க இருந்து பழஞ்சோறு திண்டுகிட்டிருக்கு! பூட்டின வீட்டுக்குள்ள! 'ஆட்ட மறக்கல்ல, என்னத்தான் மறந்த' எண்டு சாகும் வரைக்கும் அவரோட கதைக்கல்ல." அக்கா சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். "அதுக்குப் பொறகுதான் எல்லாம் ஒண்டொண்டா."

எனக்கு வெட்கம் வந்தது. நேரே வேலியைத் தாண்டிப் போனேன். அவர் கிணற்றடியில் இருந்தார்.

"அண்ணன், பிழை உங்கட கணக்கில இல்ல. நீங்க சாப்பிடப் போன நேரம் நான் டிஸ்ரிபியூட்டரத் திருப்பிட்டன்."

அடிப்பார் என்று நினைத்தேன். ஏசவாவது செய்வார் என்று நினைத்தேன். மனுசன் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மெல்ல எழும்பி, "எவ்வளவு திருப்பின?" என்று கேட்டார்.

"ஒரு பொட்டு."

"எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்."

"அப்ப நான் பிழை இல்ல" என்றார். "நான் பிழை இல்ல, புள்ள!" என்று வீட்டை நோக்கிக் கத்தினார். உள்ளேயிருந்து அக்கா, "அப்ப வந்து தின்னுங்க!" என்று திருப்பிக் கத்தினாள்.

கொப்பியில் அந்த வரிகளை வெட்டவில்லை. பக்கத்தில், 'தம்பி கை வைத்தான்' என்று எழுதினார். நான் திருப்பியதை நானே பழையபடி வைக்க வேண்டும் என்றார். வைத்தேன். நடுக்கம் முழுசாகத் திரும்பி வந்தது. அதைக் கேட்டு அவர் பட்ட சந்தோஷம் இருக்கிறதே!

"பெற்றோல் குறைவில்ல, அதெல்லாம் பாத்தாச்சு" என்றார். "மிச்சம் காத்து. எங்கயோ களவாக் காத்துப் போகுது. நாளைக்கு அதப் பிடிப்பம்."

பத்தாம் நாள் காலை அவர் ஓர் ஊதுபத்தியோடு வந்தார். அக்காவை நனைந்த சாக்கோடு ஒரு பக்கமும், என்னை மணல் வாளியோடு மறுபக்கமும் நிறுத்தினார். பெற்றோல் கசிவு எங்கும் இல்லை என்று தடவித் தடவிப் பார்த்த பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி, புகையைக் காபரேட்டரைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்து என் அம்மா வாசலுக்கு வந்தாள். மகனும் பக்கத்து வீட்டுக்காரரும் பயபக்தியோடு காருக்கு ஊதுபத்தி காட்டுவதைக் கண்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"இத முதல் நாளே செய்திருக்கலாமே! நில்லுங்க, கர்ப்பூரம் கொண்டு வாறன்!"

"ஐயோ மாமி, கர்ப்பூரம் வேணாம்! கார் பத்திரும்!" என்று அண்ணன் அலறியதை அந்த ஒழுங்கையில் அன்று கேட்காதவர் இல்லை. அம்மா திகைத்து நின்றாள். நின்றவள் கையை மட்டும் கூப்பிக்கொண்டாள்.

புகை ஓரிடத்தில் நேரே மேலே போனது. இன்னோரிடத்திலும் மேலே போனது. காபரேட்டர் எஞ்சினோடு பொருந்துகிற அடிப்பக்கத்துக்கு வந்ததும் வளைந்து, உள்ளே இழுபட்டது.

"பிடிச்சன்" என்றார் அண்ணன்.

கழற்றினோம். அந்த இரண்டுக்கும் இடையில் காற்றுப் புகாமல் ஒரு மட்டை வைப்பார்கள், காஸ்கட் என்று பெயர். கொழும்பில் இருந்து வந்த மட்டை, முதலில் நான் பூட்டிய அன்றே கிழிந்துவிட்டது. வேறு மட்டைக்கு எங்கே போவது? மேசையில் தங்கச்சியின் கலியாணக் கார்ட் கட்டாக இருந்தது. நல்ல தடிப்பான கார்ட். அதில் ஒன்றை அளவாக வெட்டி வைத்து இறுக்கியிருந்தேன். மங்கலமான சாமான், காருக்கும் நல்லது என்றுகூட அப்போது நினைத்தேன். அண்ணன் அதை விரலால் தடவினார். பொன் எழுத்தும் பிள்ளையாரும் மேட்டெழுத்தாக எழும்பி நின்றன. அந்த மேடு பள்ளத்துக்குள்ளால்தான் இத்தனை நாளும் காற்றுப் போயிருக்கிறது.

"ஆரும் இதச் செய்வானா?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"எஞ்சினுக்குள்ளயாடா பிள்ளையார வைச்ச?" என்று அம்மா உரக்கக் கேட்டாள். தங்கச்சி கதவுக்குப் பின்னால் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அண்ணன் தன்னுடைய கொப்பியை எடுத்தார். அதன் தடித்த மட்டையைக் கிழித்தார். அளந்து, வெட்டி, கிறீஸ் தடவி வைத்தார். பூட்டி ஓடவிட்டோம். நடுக்கம் இல்லை. ஒழுங்கையெல்லாம் சொல்லிவிட்டு வந்து, காலை வைத்து எடுத்தேன். சத்தம் இல்லை. "என்ன, இண்டைக்கு வெடி இல்லையா?" என்று அந்தத் தொங்கலில் ஏமாற்றமாகக் கேட்டார்கள்.

கலியாணத்தன்று அண்ணனும் காரில் வந்தார். கிரானில் மாப்பிள்ளையை ஏற்றினோம். ஏறாவூர், டவுன் எல்லாம் கடந்தோம். பாலத்தடிச் சென்றியில் அதே மீசைக் கோப்ரல். நம்பரைப் பார்த்தான். எல்லாரையும் இறங்கச் சொன்னான். பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை வெய்யிலில் நின்றார். என்னை மட்டும் உள்ளே இருத்தி, எஞ்சினை நிற்பாட்டித் திரும்ப ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். இரண்டு துவக்குகள் காரைக் குறி பார்த்து நின்றன.

அக்சிலேட்டரை நாலைந்து தரம் மிதித்துவிட்டேன். பெற்றோல் மணம் வந்தது. சாவியைத் திருப்பினால் இழுத்ததே தவிரப் பிடிக்கவில்லை. திரும்ப மிதித்தேன். ஜன்னலால் அண்ணனின் தலை உள்ளே வந்தது.

"ஒண்டொண்டா" என்றார். "முதல்ல கால எடு."

எடுத்தேன்.

"இப்ப மூச்ச விடு."

விட்டேன்.

"கொஞ்சம் இரு. அது காயட்டும்... இப்ப கால அடி வரைக்கும் அமத்திப் பிடி. துடிக்க வேணாம். இப்ப சாவி."

பிடித்தது. பிடித்ததும் காலை மெல்ல எடுத்தேன். கோப்ரல் கையைத் தூக்கி, கூட்டிக் குறைக்கச் சொன்னான். கூட்டினேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். காலை எடுத்தேன். எஞ்சின் இறங்கி, முணுமுணுவென்று ஒரே சீராக நின்றது. வாவிக் காற்றில் மாப்பிள்ளையின் சால்வை படபடத்தது, அந்தச் சத்தம்தான் எனக்குக் கேட்டது. கோப்ரல் துவக்கைத் தாழ்த்தி, "ஹரி, சரி, போங்க" என்றான். போகும்போது மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவேறு வைத்தான்.

வாசலில் பெண்கள் போட்ட குரவை இன்னும் என் காதில் இருக்கிறது. தாலி கட்டி முடிந்து, பந்தியில் அண்ணனை முதல் இலையில் இருத்தினோம். பருப்பு, கத்தரிக்காய், பூசணிக்காய், பயற்றங்காய், சொதி, அப்பளம், ஒன்றும் குறையில்லை. நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணித்தியாலம் ஆனாலும் பரவாயில்லை, இன்றைக்கு முழுசாகப் பார்ப்பது என்று முடிவோடு நின்றேன்.

அவர் இலையைப் பார்த்தார். பிறகு கையை வைத்து, இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரை எல்லாக் கறியையும் சோற்றோடு ஒன்றாகச் சேர்த்துப் பிசைந்தார். அப்பளத்தையும் நொறுக்கி அதற்குள் போட்டார். ஒரு பெரிய கவளமாக உருட்டி வாயில் வைத்தார். பரிமாறிக்கொண்டிருந்த அக்கா வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

மறுநாள் விடிய அக்கா வேலியடிக்கு வந்து சிரித்தாள். "உங்கட அண்ணன் கிணத்தடிக்கும் கக்கூசுக்குமா நடக்காரு தம்பி. வயித்தால போகுது."

"எந்தக் கறியாலயாம்?"

"நானும் அதத்தான் கேட்டன். 'தெரியா புள்ள, தெரியா' எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிக்காரு. சோதிச்சுப் பாக்காத சிவப்புக் குளிசைய எடுத்துக் குடுத்தன். அதையும் வேணாமாம்."